ஆறாவது சோடிச் சப்பாத்து

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு போட்டோக் கொப்பியில். கறுப்பு வெள்ளை. அதிலும் கறுப்புத்தான் கூட. பள்ளிக்கூடத்து மெஷினில் மை அதிகமாக இறங்கியதில் பாதிப் படம் கரி அப்பியது மாதிரி இருந்தது. ரஷ்யாவில் ஒரு குடியானவர் வீடு. வீடென்றாலும் ஒரே அறைதான். நடுவில் நீளமான மேசை, அதன்மேல் ஒரு ரொட்டி. மேசையிலிருந்து பாதி எழும்பிய நிலையில் ஒரு கிழவர். அடுப்புக்கு முன்னால், ரொட்டி எடுக்கிற மரத்தட்டோடு ஒரு கிழவி. இடுப்பில் குழந்தையுடன் ஓர் இளந்தாய். கதவோரமாகப் பதினைந்து பதினாறு வயது மதிக்கக்கூடிய ஒரு பெட்டை. கதவு அகலத் திறந்து கிடக்கிறது. நீளக் கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள் உள்ளே வந்து நிற்கிறார்கள், ஒருவன் கையில் கடதாசி. அவர்களுக்குப் பின்னால் வெளியில் பனி. படத்தைக் கீறியவரின் பெயர் அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையாது.

இந்தப் படத்தைப் பற்றித்தான் என் மச்சாள் வகுப்புக்கு முன்னால் எழும்பி நின்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்கார்பரோவில், வயதுவந்தவர்கள் படிக்கிற பள்ளி ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது சும்மா ஒரு பாடம். மச்சாளுக்கு அப்படியில்லை. ஊரில் தாதிப் பயிற்சிக்குத் தெரிவாகியும் சண்டையால் போக முடியாமல் போனவர் அவர். இங்கே ஒரு கல்லூரியில் அதே படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் சித்தி பெற்ற கடதாசி போனால்தான் அந்த இடம் நிலைக்கும். எழுத்துப் பரீட்சைகளில் நல்ல புள்ளி எடுத்தார். பேச்சில்தான் வழுக்கி விழுந்தார். இரண்டு தடவை எழும்பி நின்று, "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லி, அதோடு அப்படியே போய் இருந்துவிட்டார். எங்கள் மிஸ் நல்ல மனுஷி. மூன்றாவது தடவையும் தருகிறேன், ஆனால் அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மச்சாளின் வாயை மூட ஏலாது. டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புட்டு அவித்தபடியே மூன்று கல்யாணம் பேசி முடித்துவிடுவார். ஆனால் ஆட்கள் நிரையாக இருந்து தன்னையே பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். ஏன் என்று கேட்டால், "தெரியாது பிள்ளை, கை காலெல்லாம் விறைக்குது" என்பார்.

எங்கள் அப்பார்ட்மென்டைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இரண்டு அறை. லீஸ் கடதாசியில் நாலு பேர், உள்ளே ஏழு பேர். நாங்கள் மூன்று பேர், கணவரின் சிநேகிதர்கள் நாலு பேர். வந்த புதிதில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்ரின்டென்டன்ட், குழாய் பார்க்க வருகிறேன், ஹீட்டர் பார்க்க வருகிறேன் என்று அடிக்கடி கதவைத் தட்டுவார். தட்டுகிற சத்தம் எனக்கு உறைக்க முதலே மச்சாள் கதவடிக்கு ஓடியிருப்பார். வாசலில் கிடக்கிற சப்பாத்துகளை உடுப்புக் கூடையில் அள்ளி, குளியல் தொட்டிக்குள் கொட்டி, திரையை இழுத்து மூடிவிடுவார். நாலு சோடி மட்டும் வாசலில் ஒழுங்காக நிற்கும். ஆட்கள் அறைக்குள் படுத்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. "ஆக்களை ஒளிக்கலாம். சப்பாத்துத்தான் காட்டிக் குடுக்கும்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரு தரம் அவசரத்தில் என் சப்பாத்துக்கு மேலே குளியல் தண்ணீரையும் திறந்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அதிலிருந்து ஒரு பாசி மணம் வந்தது.

என் கணவரிடமும் ஒளிக்கிற கதை ஒன்று இருந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று நாலு பேர் கூடினால் போதும், எடுத்துவிடுவார். ஊரில் ஆமி சுற்றிவளைத்த ஒரு காலை, குசினிப் பரணில் விறகுக்குப் பின்னால் தான் எப்படிப் படுத்திருந்தார் என்று சொல்வார். தும்மல் வந்து மூக்கை நசித்துப் பிடித்ததைச் செய்தும் காட்டுவார். "நாலு பேர் வந்தாங்கள். எட்டுக் கண். ஒரு கண்ணுக்கும் நான் தெரியேல்லை!" என்று முடிப்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். மச்சாள் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவார். எத்தனை தரம்தான் ஒரே கதையைக் கேட்பது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது தடவைக்கு நான் பொறுப்பெடுத்தேன். எனக்கு அப்போது நான் பெரிய கெட்டிக்காரி என்ற எண்ணம். மிஸ் இரண்டு கேள்விகள் கொடுத்திருந்தார். இந்தப் படத்தில் உங்களைப் பதற வைப்பது எது? எந்தப் பொருள் தன்னைவிடப் பெரிய ஒன்றைச் சொல்கிறது? நான் நூலகத்தில் இரண்டு பின்னேரம் இருந்து குறியீடு குறியீடாகப் பொறுக்கினேன். ரொட்டி என்றால் உழைப்பு. மூலையில் சாமிப்படத்துக்கு முன்னால் அணைந்திருக்கிற விளக்கு என்றால் கைவிட்ட நம்பிக்கை. திறந்த கதவு என்றால் வரப்போகிற மாற்றம். இரண்டு பக்கம் எழுதி மச்சாளிடம் கொடுத்து, பாடமாக்கச் சொன்னேன். அவர் பாவம், புட்டு அவிக்கும்போதும் பஸ்ஸிலும் அதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

பேச்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது மச்சாள் போட்டோக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கதவோரத்துச் சுவரடியைக் காட்டினார்.

"பிள்ளை, உதிலை எத்தினை சோடி சப்பாத்து இருக்கு?"

"ஆருக்குத் தெரியும் மச்சாள்? எல்லாம் ஒரே கறுப்பாக் கிடக்கு."

"நான் எண்ணிப் பாத்தன். ஒருக்கா அஞ்சு வருது. ஒருக்கா ஆறு வருது."

"மிஸ் குறியீடு கேக்கிறா. நீங்கள் சப்பாத்து எண்ணுறியள். விளக்கைப் பற்றிச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் விளக்கைப் பற்றிச் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். ஆனால் கண் கொப்பியிலேயே இருந்தது. பின்னேரம் போல என் கணவரின் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரி பெரிய கரியாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. "வந்தவங்கள் ரெண்டு பேரும் சப்பாத்தைக் கழட்டேல்லை, பாத்தீரே?" என்று கேட்டார். நானும் அதைக் கவனித்திருந்தேன். கவனிக்காமல் விட நாங்கள் என்ன வேறு ஆட்களா! ஒரு வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்து நிற்பதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு முதலில் வருவது கோபம்தான். ஆனாலும் அதையெல்லாம் சொல்லக் கூடாது, இரண்டு பக்கத்தை ஒழுங்காகப் பாடமாக்குங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. பகல் இரண்டு மணி. வெளியில் கடும்பனி, பஸ் பிந்தி, இரண்டு பேரும் மூச்சு வாங்க ஓடி வகுப்புக்குள் போனோம். மிஸ் அந்தப் படத்தின் வண்ணப் பிரதியைப் பெரிதாகக் கரும்பலகையில் தொங்கவிட்டிருந்தார். ஒரு கதவளவுக்கு இருந்தது. மச்சாள் அதைப் பார்த்தாரோ இல்லையோ, நடையை நிறுத்திவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் கண் நேராகச் சுவரடிக்குப் போனது எனக்குத் தெரிந்தது. ஐயோ, எண்ணப் போகிறாரே, பாடமாக்கியதெல்லாம் போச்சே என்று பதறினேன்.

இருபது பேர் வகுப்பில். முன் வரிசையில் ஒரு ரஷ்யக்காரர் இருந்தார். அங்கே பாலம் கட்டிய இஞ்சினியர், இங்கே பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இது தங்கள் பள்ளிப் புத்தகத்தில் இருந்த படம் என்றும், வரி கட்டாத வீட்டில் தானியம் பறிக்க வந்தவர்கள் இவர்கள் என்றும், இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றும் முதல் வாரமே சொல்லி முடித்தவர் அவர்.

மச்சாள் முன்னுக்குப் போனார். "குட் ஆஃப்டர்நூன்" என்றார். பிறகு ஒன்றுமில்லை. நான் மேசைக்குக் கீழே விரல்களைக் கோத்துக்கொண்டு, "ரொட்டி, ரொட்டி" என்று வாயசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மிஸ் பேனையைக் கீழே வைத்தார். போச்சு என்று நினைத்தேன். அப்போது மச்சாள் வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து, விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். ஆங்கிலத்தில்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு, அது குழந்தையுடையது, உள்ளங்கை அளவு. ஐந்து. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஆறு என்றார்.

திரும்பினார். முகம் வேறு முகமாக இருந்தது. "இந்த வீட்டில் ஐந்து பேர்" என்றார். "சப்பாத்து ஆறு சோடி."

யாரோ சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. எழும்பி மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

அதற்குப் பிறகு மச்சாள் பேசியதை எழுத என்னால் முடியுமோ தெரியவில்லை. உடைந்த ஆங்கிலம். வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறி விழுந்தன. ஆனால் விரல் சரியான இடத்துக்குத்தான் போனது. ஐந்து சோடியும் காய்ந்து கிடக்கின்றன, ஆறாவது நனைந்திருக்கிறது என்று காட்டினார். அதைச் சுற்றித் தரையில் தண்ணீர். எங்கள் போட்டோக் கொப்பியில் மைத் தீற்றலாகத் தெரிந்தது அந்தத் தண்ணீர்தான். உருகின பனி. வந்து நிற்கிற இரண்டு பேரின் சப்பாத்தும் அவரவர் காலிலேயே இருக்கிறது. அப்படியானால் இது யாருடையது? இவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய காலுள்ள ஒருவன் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறான். இன்னும் வெளியே போகவில்லை. அவன் இந்தப் படத்துக்குள்தான் எங்கேயோ இருக்கிறான், எங்களுக்குத் தெரியாது.

வகுப்பு எழும்பிவிட்டது. உண்மையாகவே எழும்பிவிட்டது! கதிரைகள் இழுபட, பாதிப் பேர் முன்னுக்கு வந்து படத்தை மொய்த்தார்கள். அடுப்புக்குப் பின்னால் என்றார் ஒருவர். இல்லை, மேலே தட்டில், வைக்கோலுக்குள் என்றார் இன்னொருவர். நானும் போய்த் தோள்களுக்கு நடுவில் தலையை நீட்டினேன். என்னுடைய விளக்கையும் ரொட்டியையும் ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம், கத்த வேண்டும்போல இருந்தது. ரஷ்யக்காரர் தானும் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஏழு வயசிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பெட்டையைப் பாருங்கள்" என்றார் மச்சாள்.

கதவோரத்துப் பெட்டையின் ஒரு கால் வெறுங்கால். மற்றக் கால் அந்த நனைந்த பெரிய சப்பாத்துக்குள் இருந்தது. தண்ணீர் அள்ளப் போக வெளிக்கிடுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். படத்தைப் பற்றிய புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது என்றார் மிஸ். மச்சாள் தலையாட்டி மறுத்தார். அவளுடைய சொந்தச் சப்பாத்து வரிசையில் காய்ந்து கிடக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பெரியதற்குள் காலை விடுகிறாள்? இது என்னுடையது என்று காட்டுகிறாள். ஒரு கால் போட்டாயிற்று, மற்றது தள்ளிக் கிடக்கிறது. குனிந்து எடுக்கவும் ஏலாது. குனிந்தால் இவர்கள் கீழே பார்ப்பார்கள்.

"கடதாசி வைத்திருக்கிறவன் கடதாசியைப் பார்க்கிறான். மற்றவன்?" என்று கேட்டார்.

கொப்பியில் தொப்பியின் நிழலுக்குள் கரியாகக் கிடந்த முகம். பெரிய பிரதியில் அந்த முகத்துக்குக் கண் இருந்தது. கண் கீழே பார்த்தது. பெட்டையின் காலை. மிஸ் வாயில் கை வைத்தபடி நின்றார்.

"நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டவர் ரஷ்யக்காரர்தான்.

மச்சாள் திரும்பி அந்தப் பெட்டையின் காலைப் பார்த்தார். பிறகு, அதே உடைந்த ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் சொன்னார். தனக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் அம்மா, தான், ஒரு சின்னத் தங்கை. மழை நாள். தம்பி பின்வளவால் ஓடி வந்து பரணில் ஏறிவிட்டான். ஏறுகிற அவசரத்தில் செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டான். பழக்கதோஷம். சாகப் போகிற நேரத்திலும் எங்கள் பிள்ளைகள் செருப்போடு வீட்டுக்குள் ஏற மாட்டார்கள். சேறும் தண்ணீருமாக ஓர் ஆம்பிளைச் செருப்பு, வீட்டில் மூன்று பெண்கள், முற்றத்தில் ஆமி. எடுத்து ஒளிக்க நேரமில்லை. தான் போய் ஒரு காலை அதற்குள் விட்டதாகச் சொன்னார்.

என் கணவரின் கதை அது. எத்தனை தரம் கை தட்டியிருப்பேன்! செருப்பு அதில் ஒரு நாளும் வந்ததில்லை.

"அவர்கள் கீழே பார்க்கவில்லையா?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"ஒருவன் பார்த்தான்" என்றார் மச்சாள். "என் காலைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். மற்றச் செருப்பு கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. அதைத் தன் சப்பாத்து நுனியால் என் பக்கமாகத் தள்ளிவிட்டான். நான் மற்றக் காலையும் போட்டேன். அவன் தங்கள் பாஷையில் மற்றவர்களுக்கு ஏதோ சொன்னான். போய்விட்டார்கள்."

படத்தில் நிற்கிறவன் என்ன செய்வான் என்று தனக்குத் தெரியாது, கீறியவர் அதைச் சொல்லவில்லை, அதுதான் தன்னைப் பதற வைக்கிறது என்று சொல்லி, "தேங்க் யூ" என்று முடித்தார். பத்து நிமிடம் பேச வேண்டியவர் முப்பத்தைந்து நிமிடம் பேசியிருந்தார். ரஷ்யக்காரர் எழும்பி நின்று கை தட்டினார். மிஸ் அந்த இடத்திலேயே புள்ளித்தாளை நிரப்பிக் கையெழுத்து வைத்து மச்சாளிடம் நீட்டினார். கல்லூரி இடம் நிலைத்தது. இன்றைக்கு மச்சாள் ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறார், புதிதாக வருகிற தாதிகளுக்கு வகுப்பும் எடுக்கிறார். வாயை மூட ஏலாது என்று அங்கேயும் சொல்கிறார்களாம்.

பஸ்ஸில் வரும்போது நான்தான் அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வேலையால் வந்து சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு நின்ற நிலையிலேயே எல்லாம் சொன்னேன். கையையும் காலையும் ஆட்டி, சப்பாத்து எண்ணியது, வகுப்பு எழும்பியது, ரஷ்யக்காரர் தலையில் கை வைத்தது. அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டார். செருப்புக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த ஆமிக்காரன் செருப்பைத் தள்ளிவிட்டதைச் சொன்னபோது, பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"அக்கா" என்றார். "அவன் கண்டவனோ?"

மச்சாள் கோட்டைக் கழற்றிக் கொளுவிக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார்.

"இத்தினை வருசம் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அடுத்த முறையும் அப்பிடி ஒருத்தன் வருவான் எண்டு நீ ஊரை விட்டு வெளிக்கிடாமல் அங்கையே இருந்திருப்பாய்."

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பி அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கை எச்சிற்கையாக இருந்ததால் தொடத் தயங்கினார். மச்சாள் அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்.